ஆழ்துளைக் கிணறு: துளைக்கும் முன்னே எடுக்க வேண்டிய முடிவுகள்



விதை வாங்குவதிலோ உரமிடுவதிலோ தவறு நேர்ந்தால் ஒரு போகம் பாதிக்கும்; அடுத்த போகத்தில் திருத்திக் கொள்ளலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாளில் நான்கைந்து முறை மட்டுமே வரும் முடிவுகள் சில உண்டு. நிலம் வாங்குவது, நிலத்தை விற்பது, தோப்பு வைப்பது, மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவது, கடன் வாங்கிக் கிணறு எடுப்பது ஆகியவை அத்தகையவை. இவற்றின் பலன் செய்து முடித்த பின்னரே தெரியும். தெரிந்த பின் பின்வாங்க வழியிருக்காது.

இவற்றுள் ஆழ்துளைக் கிணற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பலன் தெரியாத காரியத்தில் முறையாக முடிவெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். "தண்ணீர் வருமா?" என்ற கேள்விக்கு உறுதியான விடையை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. "வராவிட்டால் நம் குடும்பம் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு நீங்களே இன்றைக்கே விடை காணலாம். பெரும்பாலோர் முதற் கேள்வியிலேயே காலத்தைச் செலவிட்டு, இரண்டாவது கேள்வியைக் கேளாமலே போர் வண்டியை வரவழைத்து விடுகிறார்கள்.

பாறையில் நீர் இருக்கும் விதம்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். காவிரிப் படுகை போன்ற வண்டல் பகுதிகளில் மணல் அடுக்குகளில் நீர் பரவலாகத் தேங்கியிருக்கும். கடினப் பாறைப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே நீர் இரண்டு இடங்களில்தான் தங்குகிறது. ஒன்று, மண்ணுக்குக் கீழே சிதைந்து பொடிந்து நிற்கும் மேற்பாறை அடுக்கு. மற்றொன்று, அதற்கும் கீழே உள்ள கெட்டிப் பாறையின் வெடிப்புகளும் இடுக்குகளும்.

இந்த வெடிப்புகள் ஒழுங்காக ஓடுபவை அல்ல. பக்கத்து வயலில் 300 அடியில் நீர் தந்த வெடிப்பு, உங்கள் வரப்பை எட்டாமலே வேறு திசையில் திரும்பியிருக்கலாம். ஐம்பது அடி தள்ளித் துளைத்த இரண்டு கிணறுகளில் ஒன்றில் நீரும் மற்றொன்றில் வெறும் புழுதியும் வருவது இதனால்தான். மேலும், ஆழம் செல்லச் செல்ல மேற்பாறையின் பாரத்தால் வெடிப்புகள் பொதுவாகக் குறைந்தும் குறுகியும் போகின்றன. ஆழத்தில் கிடைக்கும் நீர், எடுத்த பின் மீண்டும் ஊற நெடுங்காலம் ஆகலாம்.

மழையும் நம் கையில் இல்லை. 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் சென்னை, கடலூர் முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்த ஆண்டே அதே பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெள்ளம் கண்ட ஆண்டை நம்பித் தென்னை நட்டவரும், வறட்சி கண்ட ஆண்டில் அஞ்சி நிலத்தை விற்றவரும் ஒரே ஓர் ஆண்டைப் பார்த்து வாழ்நாள் முடிவை எடுத்தவர்களே.

முதற்படி: குறைந்த செலவில் கிடைக்கும் விவரங்களைச் சேகரித்தல்

முழு விவரமும் கிடைக்காது என்பதற்காக, கிடைக்கும் விவரத்தையும் விட்டுவிடலாகாது. துளைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கீழ்க்கண்டவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

(அ) அக்கம்பக்கத்துக் கணக்கு: உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆழம், எத்தனை அடியில் நீர் கண்டது, துளைத்த ஆண்டு, சென்ற கோடையில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்பவற்றைக் குறியுங்கள். இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நீர் கிடைத்த கிணற்றைப் பச்சைத் தோப்பும் மோட்டார் அறையும் ஊருக்கே காட்டும். பொய்த்த கிணறு மூடிய குழாயாகப் புல்லுக்குள் கிடக்கும். அதைப் பற்றி உரியவரும் வாய் திறக்க மாட்டார். ஆகவே "ஊரில் எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்திருக்கிறது" என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். பொய்த்தவற்றையும், இரண்டு ஆண்டு ஓடி வற்றிப் போனவற்றையும் தேடிக் கேட்டு எழுதுங்கள். அந்தக் கணக்கே உண்மையான கணக்கு.

(ஆ) குறுவட்டத்தின் நிலை: நம் மாநிலத்தில் நிலத்தடி நீர் குறுவட்ட வாரியாகக் கணக்கிடப்படுகிறது. ஓராண்டில் எடுக்கத் தகுந்த நீரில் 70 விழுக்காடு வரை எடுக்கப்படும் பகுதி பாதுகாப்பானது. 70 முதல் 90 வரை மித அபாயகரமானது. 90 முதல் 100 வரை அபாயகரமானது. 100-க்கு மேற்பட்டால் அளவுக்கு மீறி உறிஞ்சப்படும் பகுதி. உங்கள் குறுவட்டம் எந்த வகையில் வருகிறது என்பதைக் கேட்டறியுங்கள். கடைசி வகையானால், இன்று கிடைக்கும் நீர் சில ஆண்டுகளில் கீழிறங்கும் என்று கருதியே திட்டமிட வேண்டும்.

(இ) மின்தடை ஆய்வு: நிலத்தில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளக்கும் முறை இது. நீர் தங்கிய சிதைந்த பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். வெடிப்பில்லாத கெட்டிப் பாறை தடுக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் கட்டணம் பெற்று இந்த ஆய்வைச் செய்து தருகின்றனர். கெட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது, நிலத்தில் எந்த இடம் மற்ற இடங்களைவிடச் சிறந்தது என்பவற்றை இதனால் ஊகிக்கலாம். ஆனால் களிமண்ணும் உப்பு நீரும் இதே போன்ற அளவையே காட்டக்கூடும். இத்தனை லிட்டர் நீர் வரும் என்றும் இந்த ஆய்வால் உறுதி கூற இயலாது. தேங்காய், வேப்பங்குச்சி கொண்டு பார்க்கும் முறைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. பெரியவர்களின் மன நிறைவுக்காகப் பார்த்தாலும், கடன் தொகையை அதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

(ஈ) இருக்கும் கிணற்றின் அளவு: பழைய திறந்தவெளிக் கிணறு இருந்தால், மே மாதத்திலும் ஜனவரியிலும் நீர் மட்டத்தை அளந்து எழுதுங்கள். ஒரு முறை இறைத்து விட்டு, பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். பலருக்குக் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்துவதும், சொட்டுநீர்க் குழாய் அமைப்பதும், பண்ணைக்குட்டை வெட்டுவதுமே போதுமானதாக இருக்கலாம். இவை பலனளிக்காமல் போனாலும் நட்டம் சிறிது. சிறிய நட்டத்தோடு செய்து பார்க்கக்கூடியதை முதலில் செய்து பார்ப்பதே முறை.

இரண்டாம் படி: எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிடுதல்

நிலக்கடலைக்கு ஒரு போகத்தில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் நீர் தேவை. ஓர் ஏக்கருக்கு இது சுமார் 20 லட்சம் லிட்டர் ஆகிறது. நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் வேண்டும்.

ஓர் ஆழ்துளைக் கிணறு மணிக்கு 3,000 லிட்டர் தருகிறது என்று கொள்வோம். நாள்தோறும் 8 மணி நேரம் ஓடினால் 24,000 லிட்டர். நூறு நாளில் 24 லட்சம் லிட்டர். மழையே இல்லாவிட்டால் அது ஓர் ஏக்கர் நிலக்கடலைக்குத்தான் வரும். நெல்லானால் அரை ஏக்கர். "தண்ணீர் வந்துவிட்டது" என்ற மகிழ்ச்சியில் மூன்று ஏக்கருக்கும் திட்டமிடுவது ஆபத்து.

நீரை அளக்க எளிய வழி உண்டு. 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 4 நிமிடம் ஆனால் மணிக்கு 3,000 லிட்டர். துளைப்போர் 'வி' வடிவத் தகட்டில் அளந்து 2 அங்குலம், 3 அங்குலம் என்பார்கள். வெட்டு செங்கோணமாக உள்ள தகட்டில் 2 அங்குல உயரம் மணிக்கு ஏறத்தாழ 2,900 லிட்டரையும், 3 அங்குல உயரம் ஏறத்தாழ 8,000 லிட்டரையும் குறிக்கும். ஓர் அங்குலம் கூடினால் நீர் இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். துளைக்கும்போது காற்றழுத்தம் வெளித்தள்ளும் நீர் எல்லாம் நிலையான ஊற்று அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொய்த்தால் போகும் தொகையை வரையறுத்தல்

கிணற்றுச் செலவை இரண்டாகப் பிரியுங்கள். துளைப்பதற்கும் கேசிங் குழாய்க்கும் ஆகும் பணம் பொய்த்தால் திரும்பி வராது. நீர்மூழ்கி மோட்டார், குழாய், கம்பி ஆகியவற்றுக்கான பணம் நீர் கிடைத்த பிறகே செலவாகிறது. ஆகவே முதலிலேயே முழுத் தொகைக்கும் கடன் வாங்கிக் கையில் வைத்துக் கொள்ள வேண்டாம். கையில் மீதப் பணம் இருந்தால் இன்னொரு துளை போடும் ஆசை தானே வரும்.

கணக்குக்காக ஓர் உழவரை எடுத்துக் கொள்வோம். அவருக்கு மூன்று ஏக்கர் நிலம். சேமிப்பு 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். ஒரு துளைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்று வைத்துக் கொள்வோம். முதல் துளை பொய்த்தால் சேமிப்பு போகிறது. ஆனால் நிலம் இருக்கிறது, கடன் இல்லை, மாடு கன்று இருக்கிறது. ஓரிரு ஆண்டில் தேறிவிடுவார். இரண்டாம் துளைக்கு வீட்டு நகையை அடகு வைக்கிறார். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியென்றால், 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் 14,400 ரூபாய். மானாவாரி வருமானத்திலிருந்து அதைக் கட்ட வேண்டும். மூன்றாம் துளைக்கு நிலப் பத்திரம் வெளியே போகிறது. மூன்று துளைகளும் ஒரே பாறையில்தான் போடப்பட்டன; ஆனால் அவர் பணயம் வைத்தது மூன்று முறையும் வெவ்வேறு. முதலில் சேமிப்பு, பிறகு நகை, கடைசியில் நிலம்.

எட்டுப் பேர் கணக்கு

துளைத்தால் பாதி வாய்ப்பு உண்டு என்று வைத்துக் கொள்வோம். எட்டுப் பேர் துளைக்கிறார்கள். நால்வருக்கு நீர் கிடைக்கிறது. மற்ற நால்வர் மீண்டும் துளைக்கிறார்கள், இருவருக்குக் கிடைக்கிறது. மீதி இருவர் மூன்றாம் முறை துளைக்கிறார்கள், ஒருவருக்குக் கிடைக்கிறது. எட்டாமவர் மூன்று முறை முயன்றும் வெறுங்கையோடு நிற்கிறார். அவர் சோம்பேறியும் அல்லர், அறிவற்றவரும் அல்லர். மற்ற எழுவர் செய்ததையே அவரும் செய்தார். முடிவெடுக்கும்போது, அந்த எட்டாமவர் நாமாக இருந்தால் தாங்க முடியுமா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். தாங்க முடியுமானால் துணியலாம். முடியாதென்றால், பாதி வாய்ப்பு அன்று, முக்கால் வாய்ப்பு இருந்தாலும் அந்த அளவுக்குப் போகலாகாது.

இக்கணக்கில் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். "இரண்டு பொய்த்துவிட்டது, மூன்றாவது பொய்க்காது" என்று பலர் நம்புகிறார்கள். பாறைக்கு நம் கணக்கு தெரியாது. ஒரே நிலத்தில் இரண்டு முறை பொய்த்தது, அங்கே வெடிப்புகள் குறைவு என்பதற்கே அடையாளம். வாய்ப்பு கூடவில்லை, பெரும்பாலும் குறைந்திருக்கிறது.

நான்காம் படி: எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்தல்

துளைக்கும் நேரத்தில் நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். போர் வண்டி பேரிரைச்சலோடு ஓடிக் கொண்டிருக்கிறது. அறுநூறு அடி தாண்டியும் வெள்ளைப் புழுதியே பறக்கிறது. உறவினரும் அண்டை அயலாரும் சுற்றி நிற்கிறார்கள். "இன்னும் ஐம்பது அடி போட்டுப் பார்க்கலாமா?" என்று துளைப்பவர் கேட்கிறார். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. இவ்வளவு போட்டோமே என்ற எண்ணம் நெஞ்சை அழுத்துகிறது. தெளிவாகச் சிந்திக்க இதைவிட மோசமான வேளை இல்லை. ஆழம் கூடினால் அடிக்கு ஆகும் கூலியும் கூடுகிறது.

எனவே வண்டி வருவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே, நோட்டுக் கணக்கையும் ஆய்வறிக்கையையும் வைத்துக் கொண்டு, நிறுத்த வேண்டிய ஆழத்தை எழுதித் தேதியிட்டு வையுங்கள். எத்தனை துளை, எத்தனை ரூபாய் என்பதையும் எழுதுங்கள். அதைத் துளைப்பவரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே போன பணம் அடுத்த ஐம்பது அடியில் நீர் இருக்கிறதா என்பதை மாற்றாது. அந்த ஐம்பது அடியைத் தனிச் செலவாகக் கருதி, "இன்று புதிதாக இந்த இடத்துக்கு வந்திருந்தால் இதற்குப் பணம் கொடுப்பேனா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வீட்டில் கூடிப் பேசுதல்

நகை வீட்டுப் பெண்களுடையது. கடன் பிள்ளைகளையும் சேரும். ஆகவே முடிவு ஒருவருடையதாக இருத்தல் ஆகாது. எல்லோரும் உட்கார்ந்து பேசும்போது ஒரு வழியைக் கையாளலாம். "கிணறு பொய்த்துவிட்டது, ஓராண்டு ஆகிவிட்டது என்று எண்ணிக் கொள்ளுங்கள். இப்போது வீட்டில் என்ன நிலைமை?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று மனைவி சொல்லலாம். மாட்டை விற்றாயிற்று என்று தாயார் சொல்லலாம். "தண்ணீர் வருமா?" என்று கேட்டால் அபசகுனமாகப் பேசக்கூடாதென்று வாய் திறவாதவர்களும் இப்படிக் கேட்டால் மனத்திலிருப்பதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் கொண்டு எல்லையைத் திருத்திக் கொள்ளுங்கள்.

நீர் கிடைத்தால்

நீர் கிடைத்த மறுநாளே அடுத்த பெரிய முடிவுக்குத் தாவ வேண்டாம். மூன்று ஏக்கரிலும் தென்னை வைத்தால், 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்றுகள் ஆகின்றன. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை நீர் இருக்குமா என்பது இன்னும் தெரியாத செய்தி. முதல் ஆண்டு நிலக்கடலை, உளுந்து போன்ற குறுகிய காலப் பயிர்களைச் செய்யுங்கள். ஒரு கோடை முழுவதும் டிரம் கொண்டு மாதம் ஒரு முறை நீரை அளந்து எழுதுங்கள். மே மாதத்திலும் நிற்கும் நீரே தோப்புக்கு உரிய நீர். தோப்பு வைப்பதானாலும் முதலில் ஓர் ஏக்கரில் வையுங்கள்.

நீர் பொய்த்தால்

அன்றைக்கே அடுத்த துளைக்கு இடம் பார்க்கக் கூடாது. குறைந்தது ஒரு பருவமாவது பொறுத்திருங்கள். ஆத்திரத்திலும் அவமானத்திலும் எடுக்கும் இரண்டாம் முடிவே குடும்பங்களைப் பெரிதும் சாய்க்கிறது. எழுதி வைத்த மாற்றுத் திட்டத்தை எடுங்கள்: மழைக்கேற்ற பயிர், பண்ணைக்குட்டை, கறவை மாடு, இருக்கும் நீரில் ஓர் ஏக்கர் மட்டும் சொட்டுநீர்ப் பாசனம் என்று எது உங்களுக்கு ஏற்றதோ அதைத் தொடங்குங்கள். கடன் சுமை மிஞ்சினால் வீட்டாரிடமும் கடன் கொடுத்த சங்கத்திடமும் மறைக்காமல் பேசுங்கள். தவணையை மாற்றியமைக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

பொய்த்த துளையை அன்றே இறுக மூடிவிட வேண்டும். கைவிடப்பட்ட துளைகளைக் களிமண், மணல், கற்கள் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டத்தில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து ஒரு குழந்தை உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. சாக்கைப் போட்டுக் கல்லை வைப்பது மூடியதாகாது.

முடிவு வேறு, பலன் வேறு

விசாரிக்காமல், நிலத்தை அடகு வைத்துத் துளைத்த ஒருவருக்கு நீர் பீறிட்டு வரலாம். ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்னும். எல்லாம் ஆராய்ந்து, தாங்கக்கூடிய தொகையோடு துளைத்த இன்னொருவருக்குப் பொய்க்கலாம். ஊர் அவரை ஏமாளி என்னும். இரண்டு பேச்சும் சரியல்ல. முன்னவருக்கு அமைந்தது நல்ல பலன். எடுத்த முடிவு மோசமானது. அதே முறையில் அவர் இன்னும் இரண்டு காரியம் செய்தால் தெரிந்துவிடும். பின்னவர் எடுத்தது நல்ல முடிவு. அதனால்தான் பொய்த்த பின்னும் அவர் தம் நிலத்தில் நின்று அடுத்த ஆடிப் பட்டத்துக்கு விதைக்கிறார்.

தோப்பு வைப்பதற்கும், நிலத்தை விற்பதற்கும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் இதே வரிசை பொருந்தும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. கிடைத்தவர்களை மட்டும் கேளாமல், பொய்த்தவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

2. சிறு செலவில் செய்து பார்க்கக்கூடியதை முதலில் செய்யுங்கள்.

3. பொய்த்தால் போகும் தொகை, குடும்பம் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். குடியிருக்கும் வீட்டையும் பிழைப்புக்கு ஆதாரமான நிலத்தையும் பணயம் வைக்க வேண்டாம்.

4. ஆழம், துளைகளின் எண்ணிக்கை, ரூபாய் ஆகிய மூன்றுக்கும் எல்லையை முன்கூட்டியே எழுதித் தேதியிடுங்கள்.

5. நீர் கிடைத்தால் ஒரு கோடை, பொய்த்தால் ஒரு பருவம் பொறுத்த பின்னரே அடுத்த முடிவை எடுங்கள்.

6. பயன்படாத துளையை அன்றே நிரப்பி மூடுங்கள்.

இவ்வாண்டு கிணறு எடுக்க எண்ணியிருப்போர், வரும் மே மாதத்திலேயே நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக் கொண்டு வேலையைத் தொடங்கலாம். துளைப்பதற்கு முன் செய்யும் அந்த ஒரு மாத வேலை, பாறைக்குள் நீரை வரவழைக்காது. நீர் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் நிலம் உங்களிடமே இருக்க வழி செய்யும்.